ஏழு கட்டத்தில் அம்மா

புனேயை ஒட்டிய நிக்டியில் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. எங்களுக்கு என்றால் அப்பாவுக்கு. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. அதனால் எங்கள் காலனியில் இருந்த தமிழ்க் குடும்பங்களும் எல்லா விசேஷத்தையும் வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்துப் பழகியிருந்தன. வளைகாப்பு வியாழக்கிழமை, பெயர் வைப்பது வியாழக்கிழமை. பொங்கலும் அப்படித்தான். தை பிறந்த பிறகு வரும் முதல் வியாழக்கிழமைதான் எங்களுக்குப் பொங்கல். சூரியனுக்கு எந்த நாளாக இருந்தாலும் ஒன்றுதான், ஷிப்டுக்குப் போகிறவர்கள் வர வேண்டுமே.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு அடுக்களையும் கொண்டது. கூடத்தில் பாதியை ஒரு இரும்புக் கட்டில் பிடித்துக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை காலையில் அந்தக் கட்டிலில் அப்பா தூங்குவார். ஆறு நாள் இயந்திரத்தின் முன்னால் நின்றவர் ஏழாம் நாள் பத்து மணி வரை எழுந்திருக்க மாட்டார். அதுவரை வீட்டில் சத்தம் கூடாது. அம்மா குக்கரை விசில் வருவதற்கு முன்பே இறக்கிவிடுவாள். எனக்குப் பள்ளிக்கூடம் மதியத்துக்கு மேல்தான் என்பதால் நானும் வீட்டில் இருப்பேன். இருவரும் கையாலும் கண்ணாலும் பேசிக்கொள்வோம். அப்பா இதையெல்லாம் கேட்டு வாங்கியவர் இல்லை. அவர் பாட்டுக்குத் தூங்கினார், நாங்கள் பாட்டுக்கு ஊமையானோம்.

அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தென்காசிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சராக இருந்தவள். முறையாகப் பயிற்சி முடித்தவள். தமிழ் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஒருத்திக்குப் புனேயில் என்ன வேலை இருக்கும்? காய்கறி விற்கும் பாஜிக்காரரிடம் கொத்தமல்லியை இலவசமாக வாங்கும் அளவுக்கு மராத்தி கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் அந்த ஊர் அவளிடம் எதையும் கேட்கவில்லை.

அப்போதுதான் எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்தின் ஹாலில் நடந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு காலியானது. அதை நடத்திக்கொண்டிருந்த பெரியவர் பிள்ளைகளை 'அ' எழுத வைத்தே அடுத்த பண்டிகை வரை ஓட்டிவிடுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். அவரும் மகனோடு இருக்கப்போகிறேன் என்று ஊரின் மறுகோடியில் இருந்த கோந்த்வாவுக்குப் போய்விட்டார். வகுப்பை அம்மா கேட்டு வாங்கினாள். சங்கச் செயலாளர் மாமா யோசித்துவிட்டு, பொங்கலுக்குள் பிள்ளைகள் நாலு வரியாவது சொந்தமாக எழுதிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் ஹாலைக் கேரம் ஆடக் கேட்கிறார்கள், கொடுத்துவிடுவோம் என்றார். அம்மா சரி என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா எழுத்து அட்டையைப் பிரித்தாள். ஆட்டையும் இலையையும் பார்த்துப் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அட்டையைச் சுருட்டி வைத்தாள். அடுத்த வாரம் அப்பாவின் கம்பெனியிலிருந்து வந்த கம்ப்யூட்டர் காகிதக் கட்டு ஒன்றையும் மெழுகுக் கலர் டப்பா ஒன்றையும் எடுத்துப் போனாள். அந்தக் காகிதத்தின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை வரிசையாக இருக்கும். ஒரு பக்கம் கம்பெனிக் கணக்கு, மறுபக்கம் வெள்ளை. நேற்று பார்த்த எதையாவது வரையுங்கள் என்றாள்.

வரைந்ததும் ஒவ்வொருவரிடமும் போய், இதில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். பிள்ளைகளுக்குப் பேசத் தெரியும், அதுவரை எழுதத்தான் தெரியாது. ஒருவன் எஸ்.டி. பஸ், அதாவது சிவப்பு நிற அரசு பஸ், வரைந்திருந்தான். பஸ் பழுதாகி நின்றது, எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள் என்றான். அதில் எந்தச் சொல் உனக்கு வேண்டும் என்று கேட்டு, 'பஸ்', 'தள்ளினார்கள்' என்று பலகையில் எழுதிக் காட்டினாள். அவன் பார்த்துப் பார்த்துப் படத்துக்குக் கீழே எழுதினான். இப்படி எங்கள் வகுப்பின் முதல் சொற்கள் அம்மா, ஆடு என்று வராமல், பஸ், வடாபாவ், அவுட், தண்ணீர் டேங்கர் என்று வந்தன. அடுத்த வாரம் தண்ணீருக்கு எழுதிய 'த'வை ஒருத்தி தாத்தாவுக்கு எடுத்துக்கொண்டாள். எழுத்துகள் கைமாற்றாகப் போய்வந்துகொண்டிருந்தன.

அம்மா வைத்தது ஒரே ஒரு சட்டம். படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும், இல்லாததை எழுதக் கூடாது. "நீ கண்டதத்தான் வரைஞ்சிருக்க. வரைஞ்சதத்தான் எழுதணும்" என்பாள். மற்றபடி அவள் கவனமெல்லாம் மெய்யெழுத்துப் புள்ளியிலும் கொம்பிலும்தான். ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எல்லோருக்கும் எழுத்து வந்தது, டீச்சர் மகளைத் தவிர. எனக்குப் படம் பிரமாதமாக வந்தது. பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் மராத்தியும் கையில் ஏறிவிட்டிருந்தன. தமிழ் என்றதும் பென்சில் நின்றுவிடும். எனக்கு எழுத வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. யாரிடம் தமிழில் சொல்ல வேண்டுமோ அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தாள். வாயால் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். அம்மா என்னை வற்புறுத்தவில்லை. "படத்துக்குக் கீழ எடம் இருக்கட்டும்ட்டி, எழுத்து வரும்போது வரட்டும்" என்று காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்வாள். ஆனால் மற்ற அம்மாக்கள் கூட்டிப்போக வரும்போது என் காகிதத்தை மட்டும் அடியில் வைத்துக்கொள்வாள். அது எனக்குத் தெரியும்.

பெற்றோர்களுக்கும் குறை இருந்தது. எழுதப் படிக்க அனுப்பினால் பிள்ளைகள் கலர் பூசிவிட்டு வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. எழுத்து அட்டை இல்லாமல் என்ன வகுப்பு என்று செயலாளர் மாமாவே ஒருநாள் வீட்டுக்கு வந்து கேட்டார். பொங்கலன்றைக்கு வந்து பாருங்கள் என்றாள் அம்மா.

பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் ஒரே தலைப்பு: எங்கள் வீடு. நான் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரை நினைத்துக்கொண்டு ஏழு கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் அடுப்பு, அடுப்புக்கு முன்னால் அம்மா. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்பில் இருக்குமே, அதனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சிவப்பில் வாய் வரைய நினைத்தேன். டப்பாவில் சிவப்பு நகத்தளவுதான் மிச்சம். எஸ்.டி. பஸ் வரைகிற பையன்கள் தீர்த்துவிட்டிருந்தார்கள். அந்தத் துண்டை வைத்து ஒரு நல்ல வளைந்த வாய் போட்டேன், அத்தோடு தீர்ந்தது. மீதி ஆறு அம்மாக்களுக்கும் பென்சிலால் ஆளுக்கொரு கோடு இழுத்து முடித்தேன். வியாழக்கிழமைக் கட்டத்தில் மட்டும் கட்டிலையும், போர்வைக்கு வெளியே தெரியும் அப்பாவின் இரண்டு பாதங்களையும் வரைந்தேன். கீழே வழக்கம்போல வெற்றிடம்.

விழா நாளன்று மாலை எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்து ஹாலுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அம்மா துணி காயப்போடும் நைலான் கயிற்றை ஹாலின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தங்கள் படத்தைத் தாங்களே கிளிப் போட்டு மாட்டினார்கள். என் கையில் இருந்த காகிதத்தை அம்மா ஒரு தடவை பார்த்தாள். அடுத்த முடிச்சைப் போடத் திரும்பிவிட்டாள். அந்தப் பார்வை எனக்கு என்னவோ செய்தது. ஒரு மூலையில் உட்கார்ந்தேன். பலகையில் கிழமைகளின் பெயரை அம்மா என்றைக்கோ எழுதிவைத்தது அழியாமல் இருந்தது. 'அம்மா', 'அப்பா' எனக்கே தெரியும். 'சிரிக்கிறாள்', 'வீட்டில் இருக்கிறார்' பக்கத்துப் படங்களில் கிடைத்தன. படத்தில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும், அவ்வளவுதானே. நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு வரி எழுதினேன்.

'ஞாயிற்றுக்கிழமை அம்மா சிரிக்கிறாள். வியாழக்கிழமை அப்பா வீட்டில் இருக்கிறார்.'

என் வாழ்க்கையில் தமிழில் நான் எழுதிய முதல் இரண்டு வரிகள் இவை. ஒரு புள்ளிகூட விடவில்லை. நானே போய் மாட்டினேன்.

ஆட்கள் வந்தார்கள். சர்க்கரைப் பொங்கலும் முறுக்கும் வாழையிலைத் துண்டில் கொடுத்தார்கள். முறுக்கு ஒரு ஆன்ட்டி வீட்டில் செய்து கொண்டுவந்தது. வருஷா வருஷம் அவர்தான் செய்வார், வருஷா வருஷம் எல்லோரும் அவர் கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். சாப்பிட்டுக்கொண்டே கயிற்றருகே வந்து ஒவ்வொரு படமாக வாசித்தார்கள். முதலில் ஒரே பாராட்டு. 'அரே வாஹ்' என்று வியந்தார்கள். சொந்த எழுத்துதானா என்று பிள்ளைகளைப் பரீட்சை செய்தார்கள். அம்மா கயிற்றின் கோடியில் நின்றுகொண்டு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் அவளை அவ்வளவு உயரமாக அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு முறுக்கு ஆன்ட்டி மகளின் படத்துக்கு வந்தார்கள். ஒரு கடை, ஒரு டப்பா, கண்ணாடி போட்ட ஒரு பெண். கீழே: 'அம்மா சிஞ்ச்வட் கடையில் முறுக்கு வாங்கினாள். எங்கள் டப்பாவில் போட்டாள். வீட்டில் செய்தோம் என்று சொல்ல வேண்டும்.' வாசித்தவர் கையில் பாதி முறுக்கு இருந்தது. கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை நிறுத்தினார்கள்.

அதற்கு அடுத்தது செயலாளர் மாமா மகனுடையது. வீட்டில் தமிழ் மட்டுமே பேச வேண்டும் என்று அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் மாமா மைக்கில் முழங்கியிருந்தார். மகன் டிவியில் கிரிக்கெட்டும் அதன் முன்னால் பனியனோடு ஒரு பெரிய உருவமும் வரைந்திருந்தான். 'அப்பா டிவியைத் திட்டினார். இந்தியில் திட்டினார். நன்றாகத் திட்டினார்.' அந்தக் கடைசி வரியில் மகனின் பெருமை பொங்கி வழிந்தது.

அம்மாவின் முகம் வெளுத்தது. அவள் அந்தப் படங்களை வாசிக்காமல் இல்லை. ஒவ்வொன்றையும் நாலு தரம் பார்த்தவள்தான், புள்ளிக்காகவும் கொம்புக்காகவும். அதில் இருந்த சங்கதியை ஊர் வாசிக்கும்போதுதான் அவளும் வாசித்தாள்.

அடுத்து என் படம். செயலாளர் மாமாவுக்கு அந்த நேரத்தில் வேறு யார் வீட்டுக்காவது கூட்டத்தைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. டீச்சரம்மா வீட்டில் என்ன விசேஷம் பார்ப்போம் என்று என் இரண்டு வரியையும் கணீரென்று வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு தேவைப்பட்டது. அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, கூட்டம் நகர்ந்த பிறகும் அந்தக் காகிதத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். என் படம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, பக்கத்தில் போய் நின்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவும் நேரத்தில் ஓரமாகச் சங்கக் கூட்டம் நடந்தது. பிள்ளைகளுக்கு எழுத்து வந்துவிட்டது, சந்தோஷம், இனிமேல் படமெல்லாம் வேண்டாம், அட்டையை வைத்து நடத்துங்கள் என்றார்கள். அம்மா சொன்னாள், "படம் இல்லாம எனக்குச் சொல்லிக்குடுக்க வராது சார்." அப்படியானால் ஹால் கேரம் ஆடுகிறவர்களுக்கு என்று முடிவானது. எழுதவில்லை என்றால் நிறுத்துவதாகச் சொன்ன வகுப்பை எழுதியதற்காக நிறுத்தினார்கள். அம்மா கயிற்றை அவிழ்த்துச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். என் இரண்டு வரியைப் பற்றி அவள் ஏதாவது சொல்வாள் என்று வீடு வரும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

சனிக்கிழமை முதல் ஷிப்டு முடிந்து வந்த அப்பா, கீழ்வீட்டு மராத்திக்காரரை உதவிக்கு அழைத்து வந்து இரும்புக் கட்டிலைத் தூக்கிச் சுவரோடு செங்குத்தாக நிறுத்தினார். கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது.

"நாளைக்குப் பிள்ளையள இங்கன வரச் சொல்லிரு" என்றார் அம்மாவிடம்.

"நீங்க எங்க இருப்பீய?"

"ஞாயித்துக்கெழம நான் என்னைக்கு வீட்ல இருந்திருக்கேன்?"

பிள்ளைகள் வந்தார்கள். செயலாளர் மாமா மகனும் வந்தான். அவன் அம்மாவே கொண்டுவந்து விட்டார். நான் வரிவரியாக எழுதித் தள்ளினேன். வகுப்பு முடிந்த இரவே கட்டில் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிச் சரியாகிவிட்டன. வியாழக்கிழமைகள்தான் மாறிப்போயின. அப்பா பத்து மணி வரை தூங்குவதை விட்டுவிட்டார். காலையில் காபி குடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று அம்மா கேட்டால், சும்மா இங்கதான் என்பார். மதியம் காய்கறியோடு திரும்புவார். எனக்குக் கடலை வாங்கி வருவார். குக்கர் தாராளமாக விசில் அடித்தது. அப்பாவுக்குக் காலையில் வேறு ஏதோ வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சிநேகிதிகளிடம் சொல்லிவைத்தேன்.

அம்மாவுக்கு அது புரியவில்லை. ஷிப்டில் நின்றவருக்குத் தூக்கம் இல்லாவிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். விசில் அடிக்கும் வீட்டில் அவளும் நானும் அப்போதும் பழைய பழக்கத்தில் கையாலேயே பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அப்பா வந்து கைகால் கழுவக் குனிந்தபோது அம்மா அவர் முதுகைப் பார்த்தாள். சட்டையெல்லாம் காய்ந்த புல். தலைமுடியில் ஒரு இலை.

"எங்க போய்ப் படுத்துட்டு வாரீய?"

அப்பா கொஞ்ச நேரம் முகத்தைக் கழுவினார். "தேக்டியில. மரத்தடி. காத்து நல்லா வருது." தேக்டி என்பது எங்கள் காலனிக்கு அந்தப் பக்கம் இருந்த குன்று. காலையில் ஆட்கள் நடக்கப் போவார்கள். படுத்துத் தூங்க யாரும் போவதில்லை.

"வீட்ல காத்து வரலியா?"

அப்பா துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "வியாழக்கெழம உனக்கும் ஒரு லீவு வேண்டாமா? நம்ம பிள்ள அதத்தான எழுதியிருந்தா."

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு அவர் பின்னால் போய் நின்று சட்டையில் இருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். பொறுக்கிக்கொண்டிருந்தவளுக்குத் தோள் குலுங்கியது. இடது கையால் புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்து ஒரு வியாழக்கிழமையில் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. கண்ணில் தண்ணீர் வேறு. "லீவாம்ல" என்று ஒரு தடவை சொன்னாள். அப்பா திரும்பாமல், புல் பொறுக்க வசதியாகக் குனிந்தே நின்றார்.

சிவப்பு தீர்ந்துபோனதால்தான் அந்த ஆறு வாய்க்கும் பென்சில் கோடு போட்டேன் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கும் வேறு அவசர வேலை இருந்தது. காய்கறிப் பையில் கத்திரிக்காய்க்கு மேலே புது மெழுகுக் கலர் டப்பா இருந்ததை நான் அதற்குள் பார்த்துவிட்டேன். சிவப்பு முழுசாக, கூர் மழுங்காமல் இருந்தது. உடனே தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். குனிந்து நிற்கும் அப்பா, முதுகெல்லாம் புல், பின்னால் அம்மா. வாய்க்கு வந்ததும் சிவப்பை எடுத்தேன். ஆனால் வாயைத்தான் தலைப்பு மறைத்திருந்ததே. கண்டதைத்தான் வரைய வேண்டும். சிவப்பைக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பை வரைந்தேன்.

சாப்பாடெல்லாம் முடிந்து அப்பா வெகுநாள் கழித்து மறுபடியும் வியாழக்கிழமைப் பகலில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். படத்தை அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். சட்டப்படி அடுத்தது எழுத்து. அம்மா சிரிக்கிறாள் என்று எழுதட்டுமா, அழுகிறாள் என்று எழுதட்டுமா என்று கேட்டேன். அவள் படத்தைக் கையில் வாங்கினாள்.

"இதுக்குக் கீழ ஒண்ணும் எழுத வேண்டாம்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. எழுது எழுது என்று ஊரையே எழுத வைத்தவள், எனக்கு எழுத்து வந்த பிறகு வேண்டாம் என்கிறாளே. கிழமையையாவது எழுதுவேன் என்று அடம் பிடித்தேன். சரி என்றாள். புதுச் சிவப்பை எடுத்துக் கொட்டை எழுத்தில் வியாழக்கிழமை என்று எழுதினேன்.

ஒரு புள்ளி விட்டால்கூட வட்டம் போடுகிறவள் அவள். வியாழக்கிழமைக்குச் சிவப்பு கிடையாது, காலண்டரைப் பார் என்று அன்றைக்கு ஏன் திருத்தவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.